வட சென்னையில் புதிதாக ஹெச்.ஆர். வேலைக்கு வந்தவர்களுக்கு: முதல் மூன்று மாதம்

பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் பெரிய ஐ.டி. நிறுவனங்களில் பன்முகத்தன்மைக்கென்று தனி அதிகாரி, தனி பட்ஜெட், வருடத்துக்கு ஒரு நாள் கேக் வெட்டு எல்லாம் உண்டு. மணலியிலோ திருவொற்றியூரிலோ மாதவரத்திலோ அறுபது, எழுபது பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஹெச்.ஆர். என்று போய்ச் சேர்ந்தால் கதை வேறு. சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் பில், பாத்ரூம் குழாய் ரிப்பேர் எல்லாவற்றோடும் சேர்த்து, பாகுபாடு இல்லாமல் பார்த்துக்கொள்ளும் இந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும். யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அப்படிப் புதிதாக வந்தவர்களுக்கும், நேற்றுவரை மெஷினில் நின்று இன்று சூப்பர்வைசர் ஆனவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

ஆட்களின் மனசை மாற்றப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். அது நடக்கிற காரியமில்லை, அதற்கு உங்களுக்குச் சம்பளமும் இல்லை. கைக்கு எட்டுவது வழக்கம் மட்டும்தான். யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், யாருக்கு எந்த டம்ளர், யாருடைய பண்டிகைக்கு லீவு, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதையெல்லாம் மாற்றலாம்.

ஷிப்டில் யார் இருக்கிறார்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகள். காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்களின் மீனவர் வீட்டு ஆட்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். பெரம்பூர் ரயில்வே குடும்பங்களில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள். கணக்குப் பார்ப்பவர், வடநாட்டு வியாபாரக் குடும்பங்கள் இருக்கும் சௌகார்பேட்டைக்காரராக இருக்கலாம்.

இத்தனை பேர் தோளோடு தோள் நிற்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பின்னி மில் என்று ஊர் சொல்லும் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் அது ஒன்று. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. என்று பெரிய பெயர்களெல்லாம் அதன் பின்னால் இருந்தன. மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், ஆதி திராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிளந்து புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நிர்வாகத்துக்கு அந்தப் பிளவு வசதியாகப் போயிற்று. அடித்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆலைச் சங்குக்கு உள்ளே போய் ஒரே சங்குக்கு வெளியே வந்தவர்கள்தான்.

முதல் வாரம்: பார்ப்பது மட்டும்

எதையும் மாற்றாதீர்கள், யாரிடமும் பேச்சுக் கொடுத்து விசாரிக்கவும் வேண்டாம். டீ நேரத்தில், சாப்பாட்டு நேரத்தில், ஷிப்டு மாறும் நேரத்தில் சும்மா ஒரு நடை போய் வாருங்கள்.

டீ நேரத்தை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல இடங்களில் நான் பார்த்தது இது. தட்டில் ஸ்டீல் டம்ளர்கள் வரும், பக்கத்தில் ஒரு அடுக்கு பேப்பர் கப்பும் இருக்கும். ஆபரேட்டர், ஃபிட்டர், ஸ்டோர் கிளார்க் எல்லோரும் டம்ளரை எடுப்பார்கள். ஹவுஸ்கீப்பிங் பெண்களும் சாக்கடை அடைப்பு எடுக்க வரும் மனிதரும் பேப்பர் கப்பை எடுப்பார்கள். யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை, அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஏன் என்று டீக்காரரைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அவங்க வெளிய தூக்கினு போயிருவாங்க சார், டம்ளரு தொலைஞ்சிரும்." சாதி என்ற சொல் அந்த உரையாடலில் எங்குமே வராது. ஆனால் தொலைகிற டம்ளர் மட்டும் எப்போதும் அதே நாலு பேருடையது.

இதற்குக் கூட்டம் போட்டுப் பேசாதீர்கள். பேசினால் அந்த நாலு பேருக்குத்தான் சங்கடம். முதல் வாரம் முடிந்ததும் இரண்டு டஜன் டம்ளர் கூடுதலாக வாங்கி வைத்துவிட்டு, பேப்பர் கப்பை நிறுத்திவிடுங்கள். தொலைந்தால் கம்பெனி கணக்கு. டம்ளர் கழுவுகிறவர் முகம் சுளித்தால் அவரோடு தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

டீ முடிந்தால் சாப்பாடு. கான்ட்ராக்ட் ஆட்கள் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் சாக்கை விரித்துச் சாப்பிடுகிறார்களா? கேன்டீன் அவர்களுக்கும் உண்டு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? கழிவறையைக் கழுவுகிறவர் அதைப் பயன்படுத்தலாமா, இல்லை வெளியே போக வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் போனால் உங்களுக்கும் பழகிவிடும், பிறகு கண்ணில் படாது.

ஆள் எடுக்கும்போது

நீங்கள் பார்க்கும் பயோடேட்டாக்களில் சிலதில் 'பெரம்பூர், சென்னை 39' என்று இருக்கும். பெரம்பூரின் பின்கோடு எண் 11, வியாசர்பாடிக்குத்தான் 39. எழுதியவருக்கு அது தெரியாமல் இல்லை. வியாசர்பாடி என்று எழுதிய போன கம்பெனியில் இன்டர்வியூ எடுத்தவர் "ஓ, அந்த ஏரியாவா?" என்று நிமிர்ந்து பார்த்திருப்பார், அதற்குப் பிறகு போன் வந்திருக்காது. ஏதோ ஒரு தெருவில் எப்போதோ நடந்த வெட்டுக்குத்துக்கு அந்த ஏரியாவில் பி.காம். முடித்த ஒவ்வொரு பிள்ளையும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சினிமாவும் தன் பங்குக்குச் செய்திருக்கிறது, அதை விடுங்கள்.

அதனால் விண்ணப்பப் படிவத்தை முதலில் கையில் எடுங்கள். பத்து, பதினைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ டைப் செய்து வைத்ததுதான் பெரும்பாலும் இன்னும் ஜெராக்ஸ் ஆகிக்கொண்டிருக்கும். மதம், சாதி, சொந்த ஊர், தகப்பனார் தொழில், கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கட்டங்கள் அதில் இருக்கும். எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கு வேண்டிய விவரங்களை வேலை உறுதியான பிறகு வாங்கிக்கொள்ளலாம். முகவரியையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம். ஷிப்டுக்கு நேரத்துக்கு வந்து சேர முடியுமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும், அதை நேரடியாகவே கேட்டுவிடலாம்.

இன்டர்வியூவில் எல்லோருக்கும் அதே ஆறேழு கேள்வி. இன்டர்வியூ எடுப்பவர்கள் மார்க்கை அவரவர் பேப்பரில் போட்ட பிறகுதான் பேச்சு. இல்லாவிட்டால் ப்ரொடக்‌ஷன் மேனேஜர் "பையன் ஒரு மாதிரி இருக்கான்" என்று சொன்ன உடனே மற்றவர்கள் பேனா அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

'தெரிந்த ஆள்' பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். நல்ல வெல்டர்கள் பலர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் ஒரு ஃபோர்மேன் பத்து வருடம் ஆள் கொண்டுவந்தால் ஒரு செக்‌ஷன் முழுக்க அவர் ஊர், அவர் தெரு, அவர் சொந்தம் என்று ஆகிவிடும். மற்றவன் அங்கே போய் நின்றால் வேலை கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் தெரிந்த வழியில் ஒருவர் வந்தால், வெளி வழியிலும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். வட சென்னை அரசு ஐ.டி.ஐ., வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி எல்லாம் பஸ் தூரம்தான். இங்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பாமல் "லோக்கல்ல ஆளே கிடைக்கல" என்று சொல்லும் கம்பெனிகள் நிறைய உண்டு.

கூப்பிடும் விதம்

இருபத்தைந்து வயது சூப்பர்வைசர் நாற்பத்தைந்து வயது துப்புரவுப் பெண்ணை "ஆயா, இங்க வா" என்பார். அதே வயது அக்கவுண்ட்ஸ் அம்மாவை "மேடம், வாங்க" என்பார். அவருக்கு அதில் தவறு தெரியாது, வந்த நாளிலிருந்து காதில் விழுந்தது அதுதான். 'வாங்க, போங்க' எல்லோருக்கும் என்று ஒரு வரியில் சொல்லி, நீங்களும் அப்படியே பேசுங்கள். அண்ணே, அக்கா, தம்பி எல்லாம் நம் ஊரில் இயல்பாக வருவது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஐ.டி. கார்டில் பேர் இருக்கிற ஒருவரை அந்தப் பேரால் யாருமே கூப்பிடவில்லை என்றால் கவனியுங்கள்.

பழகிய நாலு பேர் "இன்னாபா, நாஷ்டா ஆச்சா?" என்று பேசிக்கொண்டால் அதைத் திருத்தப் போகாதீர்கள். மெட்ராஸ் பாஷையைக் கேட்டதும் ரவுடித்தனம் என்று நினைப்பது வெளியூரிலிருந்து வந்த மேனேஜர்களுக்கு இருக்கும் ஒரு வியாதி. மரியாதைக் குறைவு எது, பேச்சு வழக்கு எது என்று பிரித்துப் பார்க்க ஒரு மாதம் ஆகும்.

வடமாநிலத் தொழிலாளிகள் விஷயத்தில் மட்டும் உடனே தலையிடுங்கள். "டேய் பையா", "இந்திக்காரன்", "வடக்கன்" எல்லாம் முதல் நாளிலிருந்தே கூடாது. எப்படிச் சொல்வது என்பதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். எல்லார் முன்னாலும் சொன்னால் மூத்த தொழிலாளிக்கு ரோஷம் வரும், அது மறுநாள் அந்தப் பையன் மேல்தான் இறங்கும். தனியாகக் கூப்பிட்டு இப்படி முடித்துக்கொள்ளலாம்:

"அண்ணே, ஒரு நிமிஷம். அந்தப் பையன் பேரு திலீப்."

"தெரியும் தம்பி. சும்மா தமாஷுக்குக் கூப்புட்றது."

"தமாஷ்னா அவரும் சிரிச்சிருக்கணும்ல? நாளையிலிருந்து பேர் சொல்லியே கூப்பிடுங்கண்ணே. நீங்க ஆரம்பிச்சா மத்தவங்களும் மாறிடுவாங்க."

ரெண்டாவது தடவையும் இப்படிச் சொல்லலாம். மூன்றாவது தடவை எழுத்தில் கொடுக்க வேண்டியதுதான்.

"உங்க சொந்த ஊரு எது? ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று படிப்படியாக இறங்கும் விசாரணை எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். புதியவர் சேர்ந்த அன்றே இது நடக்கும். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் பேச்சை வேலைக்குத் திருப்புங்கள்.

மொழியும் பாதுகாப்பும்

இந்தியில் ஒரு போர்டு வைத்துவிட்டால் வடமாநிலத்தவர் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு ஒடியாதான் மொழி. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் வீட்டில் சந்தாலி பேசலாம். அசாமிலிருந்து வந்தவர் வங்காளம் பேசலாம். இந்தி பேசத் தெரிந்தாலும் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. நம் ஆட்களிலும் படிக்கத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள், வெளியே சொல்லமாட்டார்கள்.

காஸ்டிக், ஆசிட் கையாளும் இடத்தில் இது உயிர் விஷயம். படம் போட்ட போர்டு வையுங்கள், அதோடு நிறுத்தாமல் செய்து காட்டுங்கள், அவரையும் செய்து காட்டச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "கண்ணுல பட்டா என்ன பண்ணுவீங்க, காட்டுங்க" என்று கேட்டால்தான் தெரியும், அவர் தண்ணீர்க் குழாய் பக்கம் போகிறாரா, சும்மா நிற்கிறாரா என்று.

பண்டிகை, நோன்பு, சாப்பாடு

1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டத்தின்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாளும் கட்டாய விடுமுறை. அதோடு பண்டிகை விடுமுறை ஐந்து நாள். சண்டை வருவது இந்த ஐந்தில்தான். ஓட்டுக்கு விட்டால் எண்ணிக்கை அதிகம் உள்ளவர்களின் பண்டிகைகளே ஐந்தையும் எடுத்துக்கொள்ளும். பொங்கலும் தீபாவளியும் போக மீதியில் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடம் இருக்கிறதா என்று பட்டியல் போடும்போதே பாருங்கள். அதற்கு மேலும் வேண்டியவர்களுக்கு, ஒரு பண்டிகை நாளில் வேலை பார்த்துவிட்டு தன் பண்டிகைக்கு மாற்று விடுப்பு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நிறைய இடங்களில் நன்றாக ஓடுகிறது. ரம்ஜான் பிறையைப் பொறுத்து ஒரு நாள் தள்ளும், அந்த ஒரு நாளுக்கு முன்கூட்டியே ஆள் மாற்றி வையுங்கள்.

நோன்பு மாதத்தில் ஃபர்னஸ் பக்கம் நிற்பவரை, அவர் விரும்பினால், காலை முதல் ஷிப்டுக்கு மாற்றுங்கள். விரும்பினால் என்பது முக்கியம். நாமே முடிவு செய்து மாற்றிவிட்டால் அவருக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) போய்விடும், நல்லது செய்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். ஷாப் ஃப்ளோரில் சேஃப்டி ஷூ இல்லாமல் நிற்க முடியாது, இதில் இரக்கம் பார்க்கவும் கூடாது. ஐப்பசி கடைசியிலேயே யார் யார் மாலை போடப் போகிறார்கள் என்று கேட்டு வைத்தால் பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன், ஸ்டோர் என்று காலில் ஒன்றும் விழாத இடமாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். மாலை போட்டுக்கொண்டு அவர் கேட்டில் நிற்கும்போது யோசிக்க ஆரம்பித்தால் அது மத விவகாரமாகப் போய்விடும்.

பீகார்க்காரர்களுக்குத் தீபாவளிக்கு ஆறாம் நாள் சத் பூஜை. போய்வர ரயிலிலேயே நாலைந்து நாள் போய்விடும். அவர்களுக்கு மாதம் ஒரு லீவு என்பதைவிட சேர்த்து பதினைந்து நாள் கிடைப்பதுதான் லீவு. டிக்கெட் புக்கிங் திறக்கும் முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள்.

கேன்டீன் சமாச்சாரத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. முதலாளி தன் காசில் போடும் கேன்டீன் சாப்பாடு சைவமாக இருக்கட்டும், அது அவர் இஷ்டம். ஆனால் வீட்டிலிருந்து வரும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லை. காசிமேட்டிலிருந்து வருகிறவர் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவார், பெரம்பூர்க்காரர் பீஃப் வறுவல் கொண்டுவருவார். வாசனை பிரச்சினை என்றால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். 'அசைவம் கொண்டுவரக் கூடாது' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினால் பாதிப் பேர் வெளியே மரத்தடிக்குப் போய்விடுவார்கள். பிறகு யார் எங்கே சாப்பிடுகிறார் என்ற நோட்டை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

சட்டம் கேட்பவை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு, அதாவது கம்பெனிக்குள்ளேயே புகாரை விசாரிக்கும் குழு, வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் கொடுக்க மூன்று மாதம், விசாரணை முடிக்க 90 நாள். முதலாளியின் மனைவியையும் மைத்துனியையும் போட்டுக் குழு அமைத்துவிட்டேன் என்று காட்டும் கம்பெனிகள் உண்டு. அந்தக் குழுவிடம் யாரும் வரமாட்டார்கள். பத்துக்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம் என்பதைப் பெண்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கடை, ஷோரூம் நடத்துகிறவர்கள் கவனிக்க: 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்து ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டது. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளுக்கும் அது பொருந்தும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டின் சட்டம் எல்லா நிறுவனங்களையும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்கச் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைச் சட்டம் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. திருநங்கை ஒருவர் சேர்வதற்கு முன்பே மூன்று விஷயங்களைத் தீர்த்துவிடுங்கள்: ஐ.டி. கார்டில் அவர் சொல்லும் பெயர், எந்தக் கழிவறை, செக்யூரிட்டி எப்படிப் பேச வேண்டும். சேர்ந்த அன்று கேட் செக்யூரிட்டி வாயைத் திறந்தாரென்றால் மற்ற ஏற்பாடு எல்லாம் வீண். அந்தத் திருநங்கையை அழைத்துப் போட்டோ எடுத்து முகநூலில் போடும் ஆசை சிலருக்கு வரும். அவர் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

மழையும் ரயில்வே கேட்டும்

இது எப்படிப் பாகுபாடு ஆகும் என்று கேட்பீர்கள். வட சென்னையில் ஆகும். நல்ல மழை பெய்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிடும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று கேட் கீப்பருக்கே தெரியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் டூவீலர்கூட நுழையாது. பத்து நிமிடம் தாமதம் என்றால் அரை நாள் சம்பளம் கட் என்ற விதி எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதியிருக்கும். ஆனால் மாதக் கடைசியில் பிடித்தம் ஆனவர்கள் பட்டியலைப் பாருங்கள், அதே மூன்று ஏரியாதான் வரும். அண்ணாநகரிலிருந்து காரில் வரும் மேனேஜர் அதில் இருக்கமாட்டார், அவர் பஞ்ச் பண்ணுவதே இல்லை.

மாதத்துக்கு இத்தனை முறை அரை மணி நேரம் வரை தாமதம் பரவாயில்லை, மாலையில் ஈடு செய்யலாம் என்று வையுங்கள். வெள்ள எச்சரிக்கை நாளில் பிடித்தமே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, எண்ணூர்க் கழிமுகப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட வாரத்தில் ஆப்சென்ட் போடுகிற கம்பெனியை ஆட்கள் மறக்கமாட்டார்கள்.

மூன்றாம் மாதம்: ரெஜிஸ்டரைத் திறங்கள்

இப்போது முதல் வார நோட்டையும் ரெஜிஸ்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி மூன்று மாத ஓ.டி. யாருக்குப் போயிருக்கிறது? ஹெல்ப்பராகச் சேர்ந்து ஆபரேட்டர் ஆனவர்கள் யார், ஐந்து வருடமாக ஹெல்ப்பராகவே இருப்பவர்கள் யார்? அதே மெஷினில் நிற்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் கூலி ஒன்றா? நைட் ஷிப்டு சுழற்சியாக வருகிறதா, இல்லை கேள்வி கேட்காதவர்கள் தலையிலேயே விழுகிறதா? முதலாளியிடம் இந்தக் கணக்கோடு போனால் பேச முடியும். "எல்லாரையும் சமமா நடத்தணும் சார்" என்று போனால் டீ சொல்லி அனுப்பிவிடுவார். பழகிய ஆள் ஒருவர் போனால் புது ஆளைப் பழக்க எவ்வளவு ஸ்கிராப் ஆகிறது என்பது அவருக்கு நன்றாகப் புரியும்.

புகார்ப் பெட்டியில் ஒன்றுமே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். பெட்டி மேனேஜர் ரூம் வாசலில், கேமராவுக்கு நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். ஓய்வறைக்குப் போகும் வழியில் மாட்டுங்கள், கூடவே ஒரு போன் நம்பரும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும், எந்த மொழியிலானாலும் சரி.

வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலையும் எடுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதுவார்கள். ஃபுல் செட்டில்மென்ட் பணம் அவர் அக்கவுண்டில் ஏறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணிக் கேளுங்கள். அதற்கு முன்னால் கேட்டால் உண்மை வராது.